அரை நூல் ஆட்டம்

எங்கள் வீட்டு முன்வாசலில், செருப்பு விடுகிற இடத்துக்குப் பக்கத்தில், இரண்டு மாதமாக ஒரு இரும்புச் சாமான் கிடக்கிறது. பதினான்கு முக்கோணத் தகடுகள், இருபத்தொரு கீல்கள். பால் ஊற்ற வருகிறவர் கோழி அடைக்கிற கூண்டா என்று கேட்டார். எதிர்வீட்டு அக்கா, கோயிலுக்குச் செய்கிற விளக்குக் கூடு என்று தானாகவே முடிவு கட்டிக்கொண்டார். அப்பா யாரையும் திருத்துவதில்லை. "புள்ளைக்கு இஸ்கூல்ல வேணுமாமா" என்று சொல்லிவிட்டு மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார். பள்ளிக்கூடத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்று சொல்லமுடியாது; ஆனால் அது பள்ளிக்கூடத்துக்காகச் செய்தது அல்ல. பதினோரு வருடமாக வகுப்பில் நான் சொல்லிவந்த ஒரு வாக்கியம் பொய் என்று தெரிந்தபின் எனக்கும் அப்பாவுக்கும் நடந்த வழக்கில் அது ஒரு சாட்சி. யார் பக்கத்துச் சாட்சி என்பது இன்னும் தீரவில்லை.

வாக்கியம் இதுதான்: எல்லாப் பக்கமும் முக்கோணத்தால் மூடிய உருவம் ஆடாது. எட்டாம் வகுப்புக்குத் திண்ம உருவங்கள் நடத்தும் வாரத்தில் ஜூஸ் ஸ்ட்ராவும் நூலும் கொண்டுபோவேன். பன்னிரண்டு ஸ்ட்ராவைக் கோத்துக் கனசதுரம் கட்டி மேசையில் வைத்தால், மத்தியானச் சாப்பாடு முடிந்த பையனைப் போல அது ஒரு பக்கமாகச் சரிந்து படுத்துவிடும். ஆறு ஸ்ட்ராவில் கட்டிய நான்முகி கல் மாதிரி நிற்கும். கனசதுரத்தின் ஆறு முகத்துக்கும் மூலைக்கு மூலை ஒரு ஸ்ட்ரா கட்டுங்கள் என்பேன். கட்டினால் அதுவும் எழுந்து நிற்கும். பிள்ளைகள் கை தட்டுவார்கள். நானும் அந்த வாக்கியத்தைப் பலகையில் எழுதி, கீழே கோடு போட்டுவிடுவேன்.

கணக்கும் ஒத்துப்போகும். ஒரு மூலை காற்றில் தனியாக நின்றால் மூன்று திசையில் நகரலாம். ஒவ்வொரு கம்பியும் ஒரு நகர்வைப் பிடுங்கிக்கொள்கிறது. முழு உருவத்தையும் அப்படியே தூக்கவும் திருப்பவும் ஆறு நகர்வுகள் எப்போதும் மிச்சம் இருக்கும், அதைக் கழித்துவிடலாம். கனசதுரத்துக்கு எட்டு மூலை, இருபத்துநான்கு நகர்வு, ஆறு போக பதினெட்டு. கம்பியோ பன்னிரண்டு. ஆறு குறைகிறது. மூலைக்கு மூலை போட்ட ஆறும் சேர்ந்தால் சரியாகப் பதினெட்டு. முக்கோணத்தாலேயே மூடிய எந்த உருவத்துக்கும், நடுவே ஓட்டை இல்லாதவரை, இந்தக் கணக்கு ஒரு கம்பி கூடாமல் ஒரு கம்பி குறையாமல் வரும். மூலை, விளிம்பு, முகம் மூன்றின் எண்ணிக்கையையும் இணைக்கிற, கணித மேதை ஆய்லருடைய சூத்திரத்திலிருந்து இரண்டு வரியில் வருவது அது. இதற்குமேல் என்ன வேண்டும்? ஒன்றும் வேண்டாம் என்றுதான் நானும் நினைத்தேன்.

மூலைக்கு மூலை

அந்த வாக்கியம் என் சொந்தச் சரக்கும் அல்ல, அப்பாவுடையது. சூலூர்ப் பக்கம் முப்பது வருடத்துக்கு மேல் வெல்டிங் பட்டறை வைத்திருந்தவர். தறி குடோன், கோழிப்பண்ணைச் சாளை, தோட்டத்துக் கேட்டு, மோட்டார் ரூமுக்குக் கதவு. ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக உள்ளே வருகிற காற்று இந்தப் பக்கத்து ஷெட்டுகளை எல்லாம் ஒன்றுவிடாமல் பரீட்சை வைத்துப் பார்க்கும். அவருடைய தொழிலில் பாதி, அந்தக் காற்றுக்குப் பதில் சொல்வதுதான். நாலு பக்கச் சட்டம் எது செய்தாலும் முதலில் பொட்டு வைத்து நிறுத்துவார். டேப்பை இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குப் பிடித்துப் பார்த்துவிட்டு, மற்ற இரண்டு மூலைக்கும் பிடிப்பார். இரண்டு அளவும் ஒன்றானால்தான் முழு வெல்டு. சின்ன வயதில் டேப்பின் மறுமுனையைப் பிடிக்கிற வேலை என்னுடையது. "மூலைக்கு மூலை பாத்துக்க அம்மிணி, மத்ததெல்லாம் தானா வரும்" என்பார். மூலைக்கு மூலை ஒரு கம்பி போட்டால் முக்கோணம், முக்கோணம் ஆடாது. பாடப்புத்தகம் கைக்கு வருமுன்பே எனக்குத் தெரிந்த வடிவியல் அவ்வளவுதான்.

அவரிடமே ஒரு பழைய தழும்பு இருக்கிறது. பட்டறை வைத்த புதிதில் ஒரு தறி ஷெட்டு. கிழக்கு மேற்காக நீளவாட்டில். சாமான் இறக்கத் தெற்குப் பக்கம் முழுக்கத் திறப்பாக வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். அங்கே போடவேண்டிய குறுக்குக் கம்பிகளையும் சேர்த்து வடக்குப் பக்கத்திலேயே போட்டுவிட்டார் அப்பா. அடுத்த ஆடியில் வடக்குப் பக்கம் அசையாமல் நிற்க, தெற்குப் பக்கத் தூண்கள் மட்டும் கிழக்கே ஒரு சாண் சாய்ந்துவிட்டன. கூரை முறுக்கிக்கொண்டு நின்றது. யாருக்கும் அடியில்லை. காசு வாங்காமல் போய்ச் சரிசெய்து கொடுத்துவிட்டு வந்தார். இந்தக் கதையை அவர் சொல்லும்போதெல்லாம் ஒரே இடத்தில்தான் நிறுத்துவார்: "கம்பி எண்ணிக்கை சரியாத்தானுங்க இருந்துச்சு." அப்போது இந்த வரி எனக்குப் பெரிதாகப் படவில்லை. இப்போது நினைத்தால், நான் ஆறு மாதம் படித்துத் தெரிந்துகொண்டதில் முக்கால்வாசி அதற்குள் இருக்கிறது.

ஒரு பெரிய மனிதரின் நம்பிக்கை

1766-ல் ஆய்லர், மூடிய உருவம் கிழிக்காதவரை மாறாது என்ற நம்பிக்கையை எழுதிவைத்தார். நிரூபணம் இல்லை, நம்பிக்கைதான். ஆய்லர் நம்பினால் மற்றவர்களும் நம்புவார்கள், அதில் தவறும் சொல்லமுடியாது. 1813-ல் கோஷி என்ற பிரெஞ்சு இளைஞர் அதில் பாதியை நிரூபித்தார். செர்பூர் துறைமுகம் கட்டுகிற வேலையில் பொறியாளராக இருந்துவிட்டு வந்தவர். அப்பாவிடம் இதைச் சொன்னபோது, "அப்ப வெவரமான ஆளாத்தான் இருப்பான்" என்று சான்றிதழ் கொடுத்தார்.

அந்த நிரூபணம் எனக்கு மிகப் பிடித்துப்போனதால் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எங்கேயும் உள்வாங்காத, எல்லாப் பக்கமும் வெளியே குவிந்த உருவம் ஒன்று. முகம் எல்லாம் முக்கோணம் என்றே வைத்துக்கொள்வோம். அது ஆடுகிறது என்று ஒரு பேச்சுக்கு ஒத்துக்கொள்ளுங்கள். ஆடும்போது எந்த விளிம்பில் கோணம் விரிகிறதோ அங்கே கூட்டல் குறி, சுருங்குகிற விளிம்பில் கழித்தல் குறி. இப்போது ஒரு மூலையைச் சுற்றி வாருங்கள். குவிந்த மூலையில் குறிகள் குறைந்தது நான்கு முறையாவது மாறியே ஆகவேண்டும். ஒரு பக்கம் முழுக்க விரிந்து மறுபக்கம் முழுக்கச் சுருங்க அந்த மூலை இடம் கொடுக்காது. மூலைகள் ஒன்பது என்றால் மொத்தம் முப்பத்தாறு மாற்றமாவது வேண்டும். இதே மாற்றங்களை முகத்துக்கு முகம் எண்ணிப்பாருங்கள். ஒரு முக்கோணத்துக்கு மூன்றே பக்கம், இரண்டே குறி. சுற்றி வந்தால் அதிகபட்சம் இரண்டு மாற்றம். ஒன்பது மூலை என்றால் பதினான்கு முகம், ஆக இருபத்தெட்டுக்கு மேல் போகாது. முப்பத்தாறு வேண்டிய இடத்தில் இருபத்தெட்டுதான் இருக்கிறது. ஆகவே ஆடாது. (குறியே இல்லாத விளிம்புகளைத் தனியாகக் கவனிக்கவேண்டும், கோஷியின் துணைத்தேற்றம் ஒன்றில் இருந்த ஓட்டையை நூறு வருடத்துக்கும் மேல் கழித்து ஸ்டைனிட்ஸ் அடைத்தார். அதற்குள் போகவில்லை.)

இதில் "குவிந்த" என்ற சொல்லை எடுத்துவிட்டால் நிரூபணம் மொத்தமும் சரிந்துவிடும். என் வாக்கியத்தில் இல்லாமல் போனதும் அந்தச் சொல்தான். உள்வாங்கிய மூலையில் நான்கு மாற்றம் தேவையில்லை, இரண்டு போதும்.

1897-ல் பிரிகார் என்ற இன்னொரு பிரெஞ்சுக்காரர் ஆடக்கூடிய எண்முகிகளைக் கண்டுபிடித்தார். ஆனால் அவற்றின் முகங்கள் ஒன்றையொன்று ஊடுருவிக்கொண்டு போகும். கம்பியில் கட்டலாம், தகட்டில் முடியாது. அதனால் ஆய்லருக்கு ஆபத்தில்லை. 1975-ல் ஹெர்மன் குளக் ஒரு பெரிய முடிவைக் கொண்டுவந்தார்: ஓட்டையில்லாத மூடிய உருவங்களில் ஏறக்குறைய எல்லாமே ஆடாதவை. கண்ணை மூடிக்கொண்டு நீளங்களைப் பொறுக்கினால் ஆடுகிற உருவம் கிடைக்காது. இரண்டே வருடம் கழித்து, 1977-ல், ராபர்ட் கானலி அந்த "ஏறக்குறைய"வுக்குள் புகுந்து, தன்னைத்தானே வெட்டிக்கொள்ளாமல் ஆடுகிற ஒரு பன்முகியைக் கட்டிக் காட்டினார். பிரிகாரின் எண்முகியில் முகங்களைக் கழற்றி, மிச்சத்தை மடிப்பாக வைத்துத் தைத்ததுதான் அடிப்படை யோசனை. சீக்கிரமே கிளவுஸ் ஷ்டெஃபன் அதைச் சுருக்கி ஒன்பது மூலை, இருபத்தொரு விளிம்பு, பதினான்கு முக்கோணமாக்கினார். விளிம்பு நீளங்கள் 5, 10, 11, 12, 17. இவ்வளவே. எட்டாம் வகுப்புப் பிள்ளையின் ஸ்கேலில் அடங்கிவிடுகிற எண்கள்.

ஒன்பது மூன்று இருபத்தேழு, ஆறு போனால் இருபத்தொன்று. கம்பி எண்ணிக்கை சரியாத்தானுங்க இருக்குது.

அட்டையின் சாட்சி

ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய காலண்டர் அட்டையில் வெட்டி, பிளாஸ்திரி ஒட்டி, ஷ்டெஃபன் உருவத்தைச் செய்தேன். ஒரே மாதிரி இரண்டு மடிப்புகள், ஒவ்வொன்றிலும் ஆறு முக்கோணம். அவற்றைச் சேர்த்து மூட இரண்டு பெரிய முக்கோணம். மூடி முடித்துக் கையில் எடுத்துப் பிசைந்தால் ஆடியது. பக்கவாட்டில் மெதுவாக, தூக்கத்தில் திரும்பிப் படுக்கிற மாதிரி. உடம்பு சிலிர்த்துவிட்டது என்று எழுதினால் மிகையாகத் தெரியும். ஆனாலும் அதுதான் நடந்தது. நேரே அப்பாவிடம் கொண்டுபோனேன்.

"ஏனுங்ப்பா, முச்சூடும் முக்கோணமா அடைச்ச பொட்டி ஆடுமுங்களா?"

"எப்பிடி ஆடும்? வெல்டு உட்டுப்போனா ஆடும்."

கையில் கொடுத்தேன். திருப்பிப் பார்த்தார், அமுக்கினார், காதருகே வைத்துக்கூடப் பார்த்தார். பிறகு மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்: "அட்டை வளையுது கண்ணு."

வளையவில்லை என்று நான் சொன்னதை அவர் கேட்கவில்லை. எனக்குக் கோபம் வந்தது. அந்த இரவு என்னை நானே கேட்டுக்கொண்டேன்: வளையவில்லை என்று எனக்கு எப்படித் தெரியும்? புத்தகத்தில் படித்ததால்தானே தெரியும். கைக்குத் தெரிந்ததா?

சோதனைக்கு இன்னொன்று செய்தேன். 1967-ல் டென்மார்க்கைச் சேர்ந்த பொர்கே யெஸ்ஸன் எழுதிய இருபது முக முக்கோண உருவம், பன்னிரண்டு மூலை, ஆங்காங்கே உள்வாங்கியது. இது ஆடாது, நிரூபணமாகத் தெரிந்த விஷயம். ஆனால் ஆடாமைக்கும் ஆட்டத்துக்கும் நடுவே ஒரு நூலிழையில் நிற்கிறது. மிகச் சிறிய நகர்வுக்கு விளிம்புகள் எதுவும் மறுப்புச் சொல்லாது. நகர்வு கொஞ்சம் பெரிதானால்தான் மறுக்கும். அந்த மறுப்போ மயிரிழை நீளம்கூட இல்லை, அட்டை அதைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடும். செய்து முடித்து இரண்டையும் அப்பாவிடம் கொடுத்தேன். எது நிஜமாக ஆடுகிறது, எது ஆடுவதுபோல நடிக்கிறது? கண்ணை மூடிக்கொண்டு மாற்றி மாற்றிப் பிசைந்து பார்த்தார். "ரெண்டுந்தான் ஆடுது." உண்மையைச் சொன்னால் எனக்கும் அப்படித்தான் இருந்தது. இதில் யெஸ்ஸனுடையது ஷ்டெஃபனுடையதைவிட ஒரு படி தாராளமாகவே ஆடியது.

அப்பா எழுந்து டார்ச்சை எடுத்துக்கொண்டு பழைய பட்டறைச் சாமான் கிடக்கிற அறைக்குப் போனார்.

அரை நூல்

இரும்பில் செய்துபார்ப்பது அவர் யோசனை. அட்டை பொய் சொல்லும், இரும்பு சொல்லாது என்பது அவர் கட்சி. எல்லாவற்றையும் மூன்றால் பெருக்கினோம்: 15, 30, 33, 36, 51 சென்டிமீட்டர். பதினான்கு முக்கோணத் தகடு வெட்டினார். பீரோவுக்கும் டிரங்குப் பெட்டிக்கும் வைக்கிற நீளக் கீலை வாங்கி வந்து துண்டு போட்டு, ரிவிட் அடித்தார். கண்புரை ஆபரேஷன் ஆன கண். அதனால் கோடு போடுவது நான், வெட்டுவது அவர். நாலு சனிக்கிழமை போயிற்று. அம்மா முதல் சனிக்கிழமை டீ கொடுத்தார், இரண்டாவது சனிக்கிழமை திட்டினார், அப்புறம் இரண்டுமே இல்லை.

பத்தொன்பது கீல் வரைக்கும் எல்லாம் சொன்னபடி கேட்டது. ஒரு பக்கம் திறந்திருந்ததால் சாமான் லொடலொடவென்று எப்படி வேண்டுமானாலும் மடங்கியது. கடைசி இரண்டு கீலில்தான் விவகாரம். இரண்டு தகட்டின் விளிம்பும் ஒட்டவில்லை. அப்பா பக்கவாட்டில் கண்ணை வைத்துப் பார்த்தார். "அரை நூல் பத்துல." ஒரு இஞ்சில் எட்டில் ஒரு பங்கு ஒரு நூல், அரை நூல் என்றால் ஒன்றரை மில்லிமீட்டர் சொச்சம். சுத்தியலால் இரண்டு தட்டு, கிளாம்பில் ஒரு இறுக்கு, கீல் உட்கார்ந்தது. கிளாம்பை எடுத்துவிட்டு இரண்டு கையாலும் பிடித்து அசைத்துப் பார்த்தார்.

அசையவில்லை.

கொஞ்சங்கூட அசையவில்லை. நானும் பிடித்துப் பார்த்தேன், அம்மியை அசைக்கிற மாதிரி இருந்தது. அப்பா கையைத் துடைத்துக்கொண்டே, "சொன்னனில்ல?" என்றார். ஜெயித்தவரின் சிரிப்பாக அது இல்லை. கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. நாலு சனிக்கிழமை வேலை பார்த்தபின் அவருக்கும் அது ஆடட்டும் என்றுதான் ஆசை வந்திருக்கவேண்டும்.

அன்று மத்தியானம் தூக்கம் வரவில்லை. முதலில் தகடு வெட்டியதில் தப்பு, கோடு போட்டதில் தப்பு என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். கீலுக்கு ஒரு சங்கடம் உண்டு. தகட்டின் விளிம்பு ஒரு இடத்தில் இருக்கும், கீல் உண்மையில் சுழல்கிற ஆணி இரண்டு மில்லி தள்ளி இருக்கும். உள்ளே மடங்குகிற விளிம்பில் ஒரு பக்கமாகத் தள்ளும், வெளியே மடங்குகிற விளிம்பில் மறுபக்கமாகத் தள்ளும். ஆக நாங்கள் செய்தது 15, 30, 33, 36, 51 அல்ல. ஒவ்வொன்றும் முன்னே பின்னே அரை நூல். அப்படியே விட்டத்தைப் பார்த்துப் படுத்திருக்கையில்தான் குளக் ஞாபகத்துக்கு வந்தார். ஏறக்குறைய எல்லாமே ஆடாதவை! ஷ்டெஃபனுடைய எண்கள் அங்கே ஒரு ஊசிமுனை. அந்த ஊசிமுனையிலிருந்து அரை நூல் தள்ளி நின்றாலும் நீங்கள் ஆடாதவர்களின் ஊரில்தான் நிற்கிறீர்கள். இரும்பு பொய் சொல்லவில்லை, அப்பா சொன்னது சரி. தன்னுடைய நீளங்களுக்கு என்ன உண்மையோ அதைச் சொல்லியது. அது ஷ்டெஃபனுடைய உருவமே இல்லை, அதன் பக்கத்து வீட்டுக்காரர்.

அட்டை ஆடியது ஏன் என்பதும் அப்போதுதான் பிடிபட்டது. என் கத்தரிக்கோலும் ஊசிமுனையில் நிற்கவில்லை. ஆனால் அட்டை கொஞ்சம் வளைந்து, பிளாஸ்திரி கொஞ்சம் இழுபட்டு, என் தப்பை மன்னித்து, உண்மையான உருவம் போகிற பாதையில் தோராயமாகப் போயிருக்கிறது. "அட்டை வளையுது" என்று அப்பா சொன்னதும் சரி. இரண்டு தடவையும் அவர் சரி, இரண்டு தடவையும் ஷ்டெஃபனும் சரி. நான் மட்டும்தான் எதையோ நிரூபித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு நடுவில் நின்றிருக்கிறேன்.

சாயங்காலம் அப்பாவிடம் இதைச் சொன்னேன். முழுக்கக் கேட்டார். தறி ஷெட்டுக் கதையைத் திரும்ப எடுத்தார். வடக்குப் பக்கம் கம்பிகள் ஒரே வேலையை இரண்டு முறை பார்த்ததால், தெற்குப் பக்க வேலைக்கு ஆளில்லை. கணக்கு சரி, ஆனால் ஆட்டம். "அது மாதிரியா இது?" அது மாதிரிதான். இருபத்தொரு விளிம்பில் ஒன்று உபரி. மற்றவை சொன்னதையே அதுவும் சொல்கிறது. அதனால்தான் ஒரு நகர்வு தப்பித்துக்கொள்கிறது. ஆனால் ஷெட்டில் உபரிக் கம்பி எதுவென்று விரல் நீட்டிக் காட்டலாம். இதில் காட்டமுடியாது, உபரி உடம்பு முழுக்கப் பரவியிருக்கிறது, 5, 10, 11, 12, 17 என்ற அந்தப் பொருத்தத்துக்குள். அந்த உபரிதான் அரை நூல் பிசகையும் பிடித்துக்கொண்டு மொத்தச் சாமானையும் இறுக்கியது.

"கீல் ஆணியை மாத்தலாமா?" என்றார் அப்பா. ஆணியைத் தட்டி எடுத்துவிட்டு, ஏழெட்டுக் கீலில் அதைவிட மெல்லிசான சைக்கிள் ஸ்போக்கை வெட்டிச் சொருகினார். ஓட்டைக்கும் கம்பிக்கும் நடுவே கொஞ்சம் தொளதொளப்பு. மாட்டி முடித்து அசைத்தார். கிரீச்சென்று ஒரு சத்தம், அப்புறம் சாமான் நகர்ந்தது. இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நாலு விரல் அளவு இருக்கும். இப்போது ஆடுவது ஷ்டெஃபனா, ஸ்போக்கின் தொளதொளப்பா? கேட்டேன். "உலகத்துல தொளதொளப்பு இல்லாம எந்தக் கீலு கண்ணு ஆடுது?" என்றார். இதற்கு என்னிடம் பதில் இல்லை, ஆனால் நான் ஒத்துக்கொள்ளவும் இல்லை. கோஷிக்கும் கானலிக்கும் ஸ்போக் தேவைப்படவில்லை. கையால் தொட்டுப் பார்த்து முடிவு கட்டமுடியாத ஒரு விஷயம் உலகத்தில் இருக்கிறது என்பதைக் கையாலேயே வாழ்ந்த மனிதரிடம் எப்படிச் சொல்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

துருத்தி

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் மனசு ஆறாது. ஆடுகிற பன்முகி கிடைத்ததுமே அடுத்த கேள்வி கிளம்பியது: ஆடும்போது உள்ளே இருக்கிற கொள்ளளவு மாறுமா? மாறினால் ஒரு ஓட்டை போட்டுக் காற்று ஊதலாம், அதாவது துருத்தி செய்யலாம். மாறாது என்ற ஊகத்துக்கே துருத்தி ஊகம் என்றுதான் பெயர். எங்கள் அப்பாருவின் ஊரில் இருந்த கொல்லன் பட்டறையில் தோல் துருத்தி அமுக்க அப்பாவைப் போல அரைடிராயர் பையன்களை உட்காரவைப்பார்களாம். மாறாது என்று சொன்னதும், "அப்ப அது என்னத்துக்கு ஆகும்?" என்றார்.

தளத்தில் பரப்பு இப்படி மாறாமல் நிற்காது. கயிற்றுக் கட்டிலின் சட்டம் நாலு பக்கம்; மூட்டு தளர்ந்து கோணிக்கொண்டால் பக்க நீளம் எதுவும் மாறுவதில்லை, ஆனால் படுக்கிற இடம் குறைந்துவிடும். முழுக்கக் கோணினால் படுக்கவே இடமில்லை. அப்படியானால் ஒரு பரிமாணம் கூட்டினாலும் அதுதானே நடக்கவேண்டும்? நடப்பதில்லை. 1990-களின் நடுவில் ரஷ்யாவின் சபிதோவ் இதை நிரூபித்தார். 1997-ல் கானலி, வால்ஸ் இருவரோடும் சேர்ந்து இன்னொரு நிரூபணம். முக்கோணத்தின் மூன்று பக்கம் தெரிந்தால் பரப்பு தெரிந்துவிடும், ஹெரான் சூத்திரம், ஒன்பதாம் வகுப்புப் பாடம். அதன் பெரியப்பா மாதிரி ஒன்று முப்பரிமாணத்தில் இருப்பதாகச் சபிதோவ் காட்டினார். முக்கோண முகப் பன்முகி எதை எடுத்தாலும் அதன் கொள்ளளவு ஒரு பல்லுறுப்புச் சமன்பாட்டின் தீர்வு. அந்தச் சமன்பாட்டின் கெழுக்கள் விளிம்பு நீளங்களிலிருந்து மட்டுமே வருகின்றன. நீளம் மாறவில்லை என்றால் சமன்பாடு மாறவில்லை. ஒரு சமன்பாட்டுக்குத் தீர்வுகள் எண்ணிவிடக்கூடிய அளவுதான். பன்முகியோ தொடர்ச்சியாக, வழுக்கிக்கொண்டு ஆடுகிறது. ஒரு தீர்விலிருந்து அடுத்ததுக்குத் தாண்டிக் குதிக்க அதனால் முடியாது. எனவே இருந்த இடத்திலேயே நிற்கிறது. உடம்பு முழுக்க அசைந்தாலும் உள்ளே ஒரு மிடறு காற்றுகூட வெளியே போவதில்லை.

இதை முதலில் படித்தபோது சின்ன ஏமாற்றம் வந்தது, ஒப்புக்கொள்கிறேன். இவ்வளவு பாடுபட்டு ஆட வைத்த ஒன்று மூச்சுக்கூட விடாது என்றால்? ஆர்மோனியத்தின் துருத்தி ஊதுகிறதே என்றால், அங்கே காகிதமும் துணியும் ஓரங்களில் வளைகின்றன. தகடு மாதிரி விறைப்பாக நின்றால் ஆர்மோனியமே ஊதாது. கொல்லனின் துருத்திக்குத் தோல்தான் வேண்டும். அப்பா இதை மட்டும் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டார்.

வகுப்பில் இந்த வருடம் வாக்கியத்தை மாற்றிவிட்டேன். "குவிந்த" என்ற சொல்லை முன்னால் சேர்த்து எழுதி, அதற்கும் கோடு போட்டேன். ஒரு பையன், குவியாம இருந்தா ஆடுமுங்களா மிஸ் என்று கேட்டான். பெரும்பாலும் ஆடாது என்றேன். அப்ப எதுக்குங்க மிஸ் அந்த வார்த்தை என்றான். அடுத்த வாரம் ஒரு இரும்புச் சாமான் கொண்டு வருகிறேன் என்று சொல்லிவைத்திருக்கிறேன். பஸ்ஸில் எப்படித் தூக்கிக்கொண்டு போவது என்றுதான் யோசனை.

போன வாரம் பேச்சுவாக்கில் அப்பாவிடம் இன்னொன்றும் சொன்னேன். ஒன்பது மூலைக்குக் கீழே, தன்னைத்தானே வெட்டிக்கொள்ளாமல் ஆடுகிற உருவம் கிடையாது என்று ரொம்பநாள் நினைத்திருந்தார்கள். 2024-ல் நான்கு பேர் சேர்ந்து எட்டு மூலையில் ஒன்று கண்டுபிடித்துவிட்டார்கள். அவர் ஒன்றும் சொல்லவில்லை, தினத்தந்தியில் முகத்தை வைத்திருந்தார். மறுநாள் காலை ஆறு மணிக்கு, நான் இன்னும் எழுந்திருக்கக்கூட இல்லை, அறை வாசலில் வந்து நின்று கேட்டார்:

"ஏம் அம்மிணி, எட்டு மூலைன்னா கீலு பதனெட்டுதானே ஆவும்? அளவு மட்டும் எழுதிக் குடு. இந்தத் தடவ ஆணியோட நடுவுல இருந்து அளப்போம்."